கிடாரை இரவல் வாங்கி வாசித்த காலம்

நண்பர் ஒருவர் கேட்ட கேள்வி இது: "ஜாய் டிவிஷன், க்யூர், சூசி அண்ட் த பான்ஷீஸ், ஸ்லிட்ஸ், கேங் ஆஃப் ஃபோர் என்று போஸ்ட்-பங்க் குழுக்கள் எல்லாம் மூன்று நான்கு வருடத்துக்குள் முளைத்திருக்கின்றன. ஒருவரைப் பார்த்து ஒருவர் ஆரம்பித்தார்களா? ஒலியையும் ஒருவரிடமிருந்து ஒருவர் எடுத்துக்கொண்டார்களா? அப்படியென்றால் ஒன்று மாதிரி இன்னொன்று ஏன் இல்லை?"

எழுபதுகளின் நடுவில் இங்கிலாந்தில் கிளம்பிய வேகமான, முரட்டு ராக் இசை பங்க். அதிலிருந்து முளைத்து வேறு வேறு வழி தேடிப் போனது போஸ்ட்-பங்க். கேள்வியின் கடைசி வரியில்தான் விஷயம் இருக்கிறது. பார்த்துப் பார்த்துத்தான் ஆரம்பித்தார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் பார்த்ததில் கிடைத்தது தைரியம். ஒலி வேறு வழியாக வந்தது. ஆட்கள் குழு விட்டுக் குழு போனார்கள். ஆம்ப்ளிஃபயரை இரவல் கொடுத்தார்கள். ஒரே சுற்றுப்பயணத்தில் ஊர் ஊராகப் போனார்கள். இசைத்தட்டைப் போட்டுக் கேட்டு நகல் எடுத்தவர்களைவிட, பக்கத்தில் நின்று வாசித்து மாறிப்போனவர்கள் இந்தக் கதையில் அதிகம். அதனால் ஆட்கள் போன தடத்தைப் பிடித்துக்கொண்டே பதில் சொல்கிறேன்.

மான்செஸ்டரில் தொடங்கலாம். 1976 பிப்ரவரியில், பக்கத்து ஊரான போல்ட்டனில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஹோவர்ட் டெவோட்டோவும் பீட் ஷெல்லியும் என்.எம்.இ. என்ற இசை வாரப் பத்திரிகையில் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற லண்டன் பங்க் குழு பற்றி வந்த ஒரு சிறு விமர்சனத்தைப் படித்தார்கள். ஒரு காரை ஏற்பாடு செய்துகொண்டு லண்டன் பக்கம் போய், அடுத்தடுத்து இரண்டு இரவு அந்தக் குழுவைப் பார்த்தார்கள். திரும்பி வந்ததும், பிஸ்டல்ஸைத் தங்கள் ஊருக்கு வரவழைக்கும் வேலையில் இறங்கினார்கள். 1976 ஜூன் 4 அன்று, லெஸ்ஸர் ஃப்ரீ ட்ரேட் ஹால் என்ற சின்ன அரங்கில் கச்சேரி. வந்தவர்கள் சுமார் 40 பேர். டெவோட்டோவும் ஷெல்லியும் ஆரம்பித்திருந்த பஸ்காக்ஸ் அன்று முன்னால் வாசிப்பதாக இருந்தது. ஆள் சேரவில்லை, தயாராகவும் இல்லை. வேறொரு உள்ளூர் ராக் குழு மேடை ஏறியது.

அந்த 40 பேரில் யார் யார் இருந்தார்கள் என்பதை இன்றும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். பிறகு ஜாய் டிவிஷனை ஆரம்பித்த பெர்னார்ட் சம்னர், பீட்டர் ஹுக், பின்னாளில் ஸ்மித்ஸ் குழுவில் பாடிய மோரிஸி, மார்க் இ. ஸ்மித் ஆகியோர் இருந்தார்கள். ஸ்டீவ் டிகில் என்ற இளைஞர் வேறு யாரையோ சந்திக்க வாசலில் காத்திருந்தார். பிஸ்டல்ஸின் மேனேஜர் மால்கம் மெக்லாரன், "பேஸ் வாசிக்க வருவதாகச் சொன்ன ஆள் இவர்தான்" என்று தவறாக நினைத்து அவரை உள்ளே கூட்டிப்போய் ஷெல்லியிடம் சேர்த்துவிட்டார். அப்படித்தான் பஸ்காக்ஸுக்கு பேஸ், அதாவது தாழ்ந்த ஸ்வரங்களுக்கான கிடார், வாசிக்க ஆள் கிடைத்தார். ஜூலை 20 அன்று பிஸ்டல்ஸ் அதே அரங்குக்கு மறுபடி வந்தபோது பஸ்காக்ஸும் மேடையில் இருந்தது.

ஹுக் மறுநாளே அம்மாவிடம் 35 பவுண்ட் கடன் வாங்கி ஒரு பேஸ் கிடார் வாங்கினார். அதற்கு முன் வாசித்ததே கிடையாது. பிஸ்டல்ஸ் அற்புதமாக வாசித்தார்கள் என்று அவரோ சம்னரோ எப்போதும் சொன்னதில்லை. மேடையில் இருப்பவர் கடவுள், கீழே இருப்பவர் பக்தர் என்று அதுவரை இருந்த ஏற்பாடு அன்று உடைந்தது என்பதுதான் அவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னதன் சாரம். இவர்களால் முடியுமென்றால் நம்மாலும் முடியும் என்ற எண்ணத்தோடு வீட்டுக்குப் போனார்கள்.

சரி, அப்படியானால் அந்த அரங்கிலிருந்து வந்த குழுக்களில் ஒன்றுகூட ஏன் பிஸ்டல்ஸ் மாதிரி ஒலிக்கவில்லை? நெருப்பு ஒன்றுதான், விறகு அவரவர் வீட்டு விறகு. டெவோட்டோ முதன்முதலில் ஆள் தேடி கல்லூரியில் ஒட்டிய விளம்பரமே, நியூயார்க்கின் வெல்வெட் அண்டர்கிரவுண்ட் குழுவின் 'சிஸ்டர் ரே' பாட்டை வாசிக்கத்தான். மார்க் இ. ஸ்மித் தலைக்குள் ஜெர்மனியின் 'கேன்' குழுவின் விடாத சுழல் தாளம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் ஆரம்பித்த 'தி ஃபால்' பல ஆண்டுகள் அந்தத் தாளத்தை விடவேயில்லை. ஹுக்கும் சம்னரும் கடையில் ஒட்டிய விளம்பரத்தைப் பார்த்து வந்த இயன் கர்ட்டிஸ், டேவிட் போவி, இகி பாப் என்ற ராக் பாடகர்களின் இசையில் ஊறியவர். கச்சேரிகளில் அடிக்கடி பார்த்துப் பழகிய முகம் என்பதால் பாடச் சொல்லிக்கூடப் பார்க்காமல் சேர்த்துக்கொண்டார்கள். 'வார்சா' என்று அவர்கள் முதலில் வைத்துக்கொண்ட பெயர்கூட போவியின் 'லோ' ஆல்பத்துப் பாட்டிலிருந்து வந்தது. அதைப் பிறகு ஜாய் டிவிஷன் என்று மாற்றினார்கள்.

ஹுக்கின் பேஸை மட்டும் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம், ஏனென்றால் ஒரு ஒலி எப்படிப் பிறக்கிறது என்பது அதில் அப்படியே தெரிகிறது. ஸ்ட்ராங்லர்ஸ் குழுவின் ஜான்-ஜாக் பர்னெல் வாசித்த உறுமும் பேஸ் ஒலி ஹுக்குக்குப் பிடித்திருந்தது. க்ளாஷ் குழுவின் பால் சிமனன் பேஸை முழங்கால்வரை தொங்கவிட்டு நின்ற நிற்பும் பிடித்திருந்தது. சத்தத்தை ஒருவரிடமிருந்தும் தோரணையை இன்னொருவரிடமிருந்தும் எடுத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அந்த சிமனனும் க்ளாஷில் சேர்ந்த பிறகு பேஸ் கற்றவர்தான், கழுத்துக் கட்டையில் ஸ்வரங்களைப் பெயிண்டால் எழுதி வைத்துக்கொண்டு வாசித்தவர். ஆனால் இந்த இருவரிடமும் இல்லாத ஒன்று ஹுக்கிடம் உண்டு. மேல் தந்திகளில், கழுத்தின் கீழ்க்கோடியில், உச்ச ஸ்தாயியில் அவர் ராகம் பிடிப்பார். அதற்குக் காரணம் அவருடைய மட்டமான ஆம்ப்ளிஃபயர். சம்னரின் கிடார் சத்தத்தில் தன் தாழ்ந்த ஸ்வரங்கள் அவர் காதிலேயே விழவில்லை. மேலே ஏறி வாசித்தால் மட்டும் கேட்டது. கர்ட்டிஸ் அதைக் கவனித்து, "அப்படியே வாசி" என்று ஊக்கப்படுத்தினார். பேஸ் பாட ஆரம்பித்ததும் கிடார் ஒதுங்கி நிற்க வேண்டியதாயிற்று. ஜாய் டிவிஷனின் முதல் ஆல்பமான 'அன்நோன் பிளெஷர்ஸ்' தட்டை முதன்முறை கேட்கும் பலர் அந்த மெட்டை கிடார் என்றே எண்ணியிருப்பார்கள். பிறகு எண்பதுகளில் எத்தனை குழுக்களில் பேஸ் முன்னால் வந்து பாடுகிறது என்று எண்ணிப்பாருங்கள்.

அந்த ஆல்பத்தில் கேட்கும் வெற்றிட உணர்வுக்குக் காரணம் தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானெட். 1979-இல் ஸ்டாக்போர்ட்டின் ஸ்ட்ராபெரி ஸ்டுடியோவில் ஒலியைத் தாமதித்து எதிரொலிக்க வைக்கும் டிஜிட்டல் டிலே கருவியை வைத்துக்கொண்டு ட்ரம்ஸை ஒவ்வொரு துண்டாகப் பிரித்துப் பதிவு செய்தார். மேடையில் இடிபோல ஒலித்த குழுவை ஆளில்லாத பெரிய கட்டடத்துக்குள் நிற்க வைத்தது போலச் செய்துவிட்டார். ஹுக்குக்கும் சம்னருக்கும் அது பிடிக்கவில்லை. எனக்கு அது அந்தக் காலத்தின் மிகப் பெரிய சாதனைகளில் ஒன்று. இதே ஹானெட்தான் பஸ்காக்ஸின் முதல் வெளியீடான 'ஸ்பைரல் ஸ்க்ராட்ச்' நான்கு பாட்டையும் 1976 டிசம்பரில் பதிவு செய்தவர். கடன் வாங்கிய பணத்தில், தாங்களே ஆரம்பித்த நியூ ஹார்மோன்ஸ் என்ற நிறுவனத்தின் பெயரில், 1977 ஜனவரியில் 1,000 பிரதி போட்டார்கள். மளமளவென்று விற்றது, மேலும் மேலும் போட வேண்டியிருந்தது. அட்டையைத் திருப்பினால் ஒவ்வொரு பாட்டும் எத்தனையாவது முயற்சியில் எடுக்கப்பட்டது என்று அச்சிட்டிருக்கும். இசைத்தட்டு போடுவது ரகசிய வித்தை இல்லை, இவ்வளவுதான் வேலை என்று சொல்லும் அட்டை அது. அடுத்த வருடம் ஸ்க்ரிட்டி பொலிட்டி குழு ஒரு படி மேலே போய், அச்சுக்கும் பதிவுக்கும் ஆன செலவுக் கணக்கையே அட்டையில் போட்டது. இதைப் பார்த்துவிட்டு எத்தனை பேர் சொந்தமாகத் தட்டு போட்டிருப்பார்கள்!

டெவோட்டோவின் கதையில் தாக்கத்தின் இன்னொரு முகம் இருக்கிறது. ஸ்பைரல் ஸ்க்ராட்ச் வந்த கையோடு அவர் பஸ்காக்ஸை விட்டுப் போனார். பங்க் அதற்குள் ஒரு அச்சாகிவிட்டது என்பது அவர் எண்ணம். எல்லோரும் வேகமாக, ஒரே மாதிரி வாசிக்கத் தொடங்கினால் நான் வேறு பக்கம் போகிறேன் என்று கிளம்பி 'மேகஸின்' குழுவை ஆரம்பித்தார். போஸ்ட்-பங்க் என்ற சொல்லின் உயிரே இந்த விலகலில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அப்படி விலகியும் சொத்து பிரிந்துவிடவில்லை. மேகஸினின் முதல் சிங்கிளான 'ஷாட் பை போத் சைட்ஸ்' பாட்டின் கிடார் ஓட்டம் ஷெல்லி போட்டது. அதே ஓட்டத்தை பஸ்காக்ஸ் 'லிப்ஸ்டிக்' பாட்டில் வாசித்தது. 1978-இல் வந்த இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ஒரே விதையிலிருந்து ஒரு பக்கம் துள்ளும் காதல் பாட்டு, இன்னொரு பக்கம் ஆள் துரத்தும் பதற்றம்.

அந்தப் பாட்டில் கிடார் வாசித்த ஜான் மக்கியோவைப் பற்றி எழுதாமல் இந்தத் தலைப்பைத் தாண்ட முடியாது. மேகஸினில் வாசித்தவர், பிறகு பான்ஷீஸில் சேர்ந்து 'கலைடோஸ்கோப்', 'ஜுஜு' ஆல்பங்களில் வாசித்தார், 1986-இல் ஜான் லைடனின் பப்ளிக் இமேஜ் லிமிடெட்டுக்குப் போனார். மூன்று பெரிய குழுக்கள், மூன்றிலும் அவர் கை தெரியும். 1981-இல் பான்ஷீஸ் தந்த 'ஸ்பெல்பௌண்ட்' பாட்டைப் போட்டுக் கேட்டால் கிடார் தண்ணீர் மாதிரி சுழன்று ஓடும். எங்கே ஸ்வரம் முடிகிறது, எங்கே எதிரொலி தொடங்குகிறது என்று பிரிக்க முடியாது. ஸ்மித்ஸ் குழுவின் ஜானி மார் தொடங்கி ரேடியோஹெட்டின் ஜானி கிரீன்வுட் வரை இவரைத் தங்கள் முன்னோடியாகச் சொல்கிறார்கள். அவர்கள் பெயர் தெரிந்த அளவுக்கு இவர் பெயர் தெரியாமல் போனது எனக்கு உண்மையான வருத்தம்.

ஆள் மாறினால் ஒலி மாறும் என்பதற்கு இதைவிடத் துல்லியமான சாட்சி ஒன்று உண்டு. 1979 செப்டம்பர் 7, ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரம். பான்ஷீஸின் சுற்றுப்பயணம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. முன்னால் வாசிக்க வந்த குழு க்யூர். இசைத்தட்டுக் கடை ஒன்றில் கையெழுத்துப் போடும் நிகழ்ச்சி நடந்த அன்றே, கச்சேரிக்குச் சில மணி நேரம் முன்பு, பான்ஷீஸின் கிடார் கலைஞர் ஜான் மெக்கேயும் ட்ரம்ஸ் வாசித்த கென்னி மோரிஸும் குழுவை விட்டு ஓடிவிட்டார்கள். டிக்கெட் விற்றாகிவிட்டது, கூட்டம் வந்தாகிவிட்டது. க்யூர் அன்று நீட்டி வாசித்துச் சமாளித்தது. பயணத்தைத் தொடர, ஸ்லிட்ஸின் முதல் ஆல்பத்தில் ட்ரம்ஸ் வாசித்த பட்ஜியை அழைத்தார்கள். கிடாருக்கு க்யூரின் ராபர்ட் ஸ்மித்தே முன்வந்தார். பயணம் முடியும்வரை ஒவ்வோர் இரவும் முதலில் தன் குழுவோடு ஒரு கச்சேரி, பிறகு பான்ஷீஸோடு இன்னொரு கச்சேரி.

அந்த ஆண்டு மே மாதம் வந்த க்யூரின் முதல் ஆல்பம் மெலிந்த, சுறுசுறுப்பான பாட்டுகள் கொண்டது. அப்போது தான் பஸ்காக்ஸ் மாதிரியோ எல்விஸ் காஸ்டெல்லோ மாதிரியோ ஆக ஆசைப்பட்டதாக ஸ்மித் பின்னாளில் சொன்னார். பான்ஷீஸோடு நின்ற முதல் இரவு, அந்த இசையின் பலம் தன்னைத் தூக்கிப் போட்டதாகவும், தான் செய்துகொண்டிருந்ததைப் பற்றிய எண்ணமே மாறிவிட்டதாகவும் சொன்னார். பான்ஷீஸில் ட்ரம்ஸ் என்பது டாம்-டாம் என்ற உருளை மேளங்களின் உருளல். சலசலக்கும் சிம்பல் என்ற உலோகத் தட்டுகளுக்கு அங்கே பெரிய வேலை இல்லை. கிடார் பாட்டுக்குத் துணைபோகாமல் சுவராக எழுந்து நிற்கும். அதற்குள் நின்று வாசித்த உடம்பு பழைய மாதிரி வாசிக்குமா? 1980 ஏப்ரலில் வந்த க்யூரின் 'செவன்டீன் செகண்ட்ஸ்' பழைய க்யூர் இல்லை. பேஸ் வாசித்த மைக்கேல் டெம்ப்ஸி போய் சைமன் காலப் வந்திருந்தார். 'அ ஃபாரஸ்ட்' பாட்டில் எல்லாம் மூடுபனிக்குள் போய்விட்டது. அப்புறம் 1982-இல் மக்கியோ உடல்நிலை கெட்டு பான்ஷீஸை விட்டபோது அந்த இடத்துக்கு மறுபடி வந்தவர் யார்? அதே ராபர்ட் ஸ்மித்.

லண்டனின் பெண்கள் குழுக்களில் தைரியம் கைமாறிய கதை இன்னும் பளிச்சென்று தெரியும். விவ் ஆல்பர்ட்டீன், பால்மோலிவ், கீத் லெவீன், சிட் விஷஸ் எல்லோரும் 'ஃப்ளவர்ஸ் ஆஃப் ரொமான்ஸ்' என்ற, ஒரு கச்சேரிகூட நடத்தாத குழுவில் ஏதோ ஒரு கட்டத்தில் இருந்தவர்கள். ஆல்பர்ட்டீனுக்கு கிடார் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் லெவீன். பிறகு ஆல்பர்ட்டீனும் பால்மோலிவும் ஸ்லிட்ஸில் சேர்ந்து வாசித்தார்கள். ஸ்லிட்ஸை மேடையில் பார்க்கும்வரை தானும் ஒரு குழுவில் இருக்கலாம் என்ற எண்ணமே தனக்கு வந்ததில்லை என்று ஓவியக் கல்லூரி மாணவி ஜீனா பர்ச் சொல்லியிருக்கிறார். அவரும் அனா டா சில்வாவும் 1977-இல் ஆரம்பித்தது ரெயின்கோட்ஸ். ஸ்லிட்ஸிலிருந்து விலகிய பால்மோலிவ் அங்கேயே போய் ட்ரம்ஸ் வாசித்தார். ட்ரம்ஸ் வாசிப்பவர் ஒருவரே. ஆனால் ஸ்லிட்ஸ் ஜமைக்காவின் ரெக்கே இசைப் பக்கம் போனது, ரெயின்கோட்ஸ் வயலினை உள்ளே கொண்டுவந்து யாரும் போகாத பாதையில் போனது.

ரெக்கே என்றதும் டான் லெட்ஸைச் சொல்ல வேண்டும். 1977 தொடக்கத்தில் லண்டனின் ராக்ஸி கிளப்பில் குழுக்கள் மாறும் இடைவெளியில் தட்டு போடுவது அவர் வேலை. போடுவதற்கு பங்க் தட்டுகளே அப்போது விரல்விட்டு எண்ணும் அளவுதான். தன்னிடம் இருந்த, ரெக்கேயின் கிளையான ஜமைக்கா டப் இசைத்தட்டுகளைப் போட்டார். பேஸ் முன்னால், பாட்டு எங்கோ பின்னால், நடுவில் திடீரென்று எல்லாம் அறுந்து எதிரொலி மட்டும் மிஞ்சும் அந்த இசையில் ஒரு தலைமுறை காது பழகியது. அதே ஆண்டு ஜூலையில் பிஸ்டல்ஸின் பாடகர் லைடன் லண்டனின் கேப்பிடல் ரேடியோவில் தனக்குப் பிடித்த தட்டுகளைப் போட்டபோது கேனும் இருந்தது, ரெக்கேயும் இருந்தது. பிஸ்டல்ஸ் உடைந்த பிறகு ஜா வாபிள், லெவீன் ஆகியோரோடு பப்ளிக் இமேஜ் லிமிடெட் என்ற பெயரில் அவர் 1979-இல் தந்த 'மெட்டல் பாக்ஸ்' இந்த இரண்டின் கலப்பு. உலோக டப்பாவுக்குள் மூன்று 12 அங்குலத் தட்டுகள். பேஸ் ஆழமாக வர வேண்டும் என்றுதான் நிமிடத்துக்கு 45 சுற்று வேகத்தில் வெட்டினார்கள். பார்படோஸில் பிறந்த லண்டன்காரர் டென்னிஸ் போவெல் அதே ஆண்டில் பிரிஸ்டலின் 'பாப் குரூப்' என்ற குழுவுக்கும் ஸ்லிட்ஸுக்கும் ஆல்பம் தயாரித்தார். ஆக, இந்த இசைக்குக் குடியேறிகளின் பங்கு ஓரமாகச் சொல்லிவிட்டுப் போகிற பங்கு இல்லை. அது இல்லாவிட்டால் இந்த ஒலியே இல்லை.

லீட்ஸ் நகரத்தில் இரவல் என்பது நேரடிப் பொருளிலேயே நடந்தது. பல்கலைக்கழக மாணவர்கள் ஆரம்பித்த கேங் ஆஃப் ஃபோரின் கிடார்களையும் ஆம்ப்ளிஃபயர்களையும் எடுத்துத்தான் மீகான்ஸ் குழு வாசித்தது. இரவல் வாங்கியவர்களின் முதல் சிங்கிள் 1978 ஜனவரியில் வந்துவிட்டது. கொடுத்தவர்களின் 'டேமேஜ்ட் குட்ஸ்' அந்த ஆண்டு இறுதியில்தான் வந்தது. இரண்டையும் வெளியிட்டது எடின்பரோவின் ஃபாஸ்ட் ப்ராடக்ட். மீகான்ஸில் இருந்த ராஸ் ஆலன் பிறகு டெல்டா 5 குழுவில் இன்னொரு பேஸ் கலைஞரோடு சேர்ந்து இரட்டை பேஸ் வாசித்தார். ஒரே சாமான், ஒரே வட்டம், ஆனால் மூன்று வேறு ஒலிகள். கேங் ஆஃப் ஃபோரின் ஆண்டி கில் டாக்டர் ஃபீல்குட் குழுவின் வில்கோ ஜான்சனிடமிருந்து வெட்டி வெட்டி வாசிக்கும் பாணியை எடுத்துக்கொண்டு, எதிரொலி எதுவும் சேர்க்காமல், வழக்கமாக கிடார் தனியாகப் பறக்கும் இடத்தில் மௌனத்தை வைத்தார். 'என்டர்டெய்ன்மென்ட்!' ஆல்பத்தில் அந்த மௌனங்களை எண்ணிக்கொண்டே கேட்டுப்பாருங்கள்.

லிவர்பூலை இங்கே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எரிக்ஸ் என்ற கிளப்பைச் சுற்றித் திரிந்த ஜூலியன் கோப், இயன் மெக்கல்லக், பீட் வைலி மூவரும் 1977-இல் 'க்ரூஷியல் த்ரீ' என்று சில வாரம் சேர்ந்திருந்தார்கள். பிரிந்து ஆளுக்கொரு குழு ஆரம்பித்தார்கள். அதில் மெக்கல்லக்கின் எக்கோ அண்ட் த பன்னிமென் உலகம் அறிந்தது.

தமிழர்கள் இந்தத் தடத்தில் எங்காவது வருகிறார்களா என்று நண்பர் பிறகு கேட்டார். வருகிறார்கள். 1977-இல் லண்டனின் வயர் குழு 'பிங்க் ஃப்ளாக்' என்ற ஆல்பத்தில் 21 பாட்டுகளைச் சுமார் 35 நிமிடத்தில் அடக்கியது. அதில் 'த்ரீ கேர்ல் ரும்பா' பாட்டின் கிடார் ஓட்டம், 1994-இல் எலாஸ்டிகா குழுவின் 'கனெக்ஷன்' பாட்டில் அப்படியே தலைகாட்டியது. விவகாரம் வழக்குமன்றத்துக்கு வெளியே பேசித் தீர்ந்தது. எலாஸ்டிகாவின் ஜஸ்டின் ஃபிரிஷ்மனுக்கு ஒரு தோழி. யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, போரிலிருந்து தப்பி லண்டனுக்கு அகதியாக வந்து, ஓவியமும் திரைப்படமும் படித்த மாயா அருள்பிரகாசம். எலாஸ்டிகாவின் இரண்டாவது ஆல்பத்துக்கு அட்டை செய்தார். அவர்களின் அமெரிக்கப் பயணத்தைப் படம்பிடிக்கப் போனார். அங்கே முன்னால் வாசிக்க வந்த பாடகி பீச்சஸ், ரோலண்ட் எம்.சி.-505 என்ற தாளக் கருவியைக் காட்டி, நீயும் பாட்டு செய் என்றார். மாயா தயங்கினார், தனக்கு அது பழக்கமில்லாத துறை. பிறகு ஒரு விடுமுறையில் ஃபிரிஷ்மனின் 505-ஐ எடுத்து வைத்துக்கொண்டு, யாரும் சொல்லிக்கொடுக்காமல், பொத்தான் பொத்தானாக அழுத்திப் பார்த்துக் கற்றுக்கொண்டார். எம்.ஐ.ஏ. என்ற பெயரில் 2003-இல் வந்த 'கலாங்' அந்தக் கருவியில் தொடங்கிய பாட்டு.